மூக்குக்கு ஃபில்லர்: எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது, எதற்குப் பயப்பட வேண்டும்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது. வயது 26, ஆறு வாரத்தில் கல்யாணம். மூக்குத் தண்டின் நடுவில் ஒரு சின்ன மேடு, நுனியும் கொஞ்சம் அகலம். ஒரு கிளினிக்கில், "ஆபரேஷனே வேண்டாம், கால் மணி நேரத்தில் ஃபில்லர் போட்டுச் சரிசெய்துவிடலாம், ஆபத்து எதுவும் கிடையாது, பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நம்பலாமா?

நான் மூக்கு அறுவைசிகிச்சை செய்பவன். தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் ஃபில்லரும், அதாவது தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் நிரப்புப் பொருளும், போடுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் மேட்டை ஃபில்லரால் ஓரளவு மறைக்க முடியும். நுனியை ஒல்லியாக்க முடியாது. கால் மணி நேரம் என்பது சரிதான். ஆபத்து கிடையாது என்பது தவறு. முகத்தில் ஃபில்லர் போடும் இடங்களிலேயே மூக்கும், இரண்டு புருவங்களுக்கு நடுவே பொட்டு வைக்கும் இடமும்தான் மிகவும் அபாயமானவை. கரைத்துவிடலாம் என்பது பாதி உண்மை. அந்த மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

முதலில் மேடு. இப்போது பெரும்பாலும் போடுவது ஹையலுரோனிக் ஆசிட் ஜெல். நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே இருக்கும் பொருள்தான். சீக்கிரம் கரைந்துவிடாமல் இருக்க அதன் இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று பிணைத்து ஜெல் ஆக்குகிறார்கள். ஃபில்லர் எதையும் குறைக்காது, கூட்டத்தான் செய்யும். மேட்டைச் செதுக்குவது அதனால் ஆகாத காரியம். மேட்டுக்கு மேலே, கண்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்திலும், கீழே நுனிக்குச் சற்று முன்னாலும் கொஞ்சம் ஜெல்லை வைத்து நிரப்பினால் பக்கவாட்டில் பார்க்கும்போது கோடு நேராகிவிடும். மூக்கு உண்மையில் கொஞ்சம் பெரிதாகியிருக்கும், ஆனால் நேராக இருப்பதால் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும். இதற்குத் தேவைப்படும் அளவு பெரும்பாலும் 1 மி.லி.க்குள்தான்.

இது எல்லா மேட்டுக்கும் பொருந்தாது. கண்களுக்கு நடுவே மூக்கின் வேர் தாழ்வாக இருந்து, மேடு சின்னதாக இருந்தால் பலன் நன்றாக இருக்கும். வேரே உயரமாக இருந்து மேடும் பெரிதாக இருப்பவருக்கு நிரப்பினால் நெற்றியிலிருந்து நுனிவரை ஒரே சரிவாகி, முகத்தின் அழகே கெட்டுவிடும். அப்படிப்பட்டவருக்கு நான் ஃபில்லர் போடுவதில்லை, கேட்டாலும் போடுவதில்லை. நீங்கள் எந்த வகை என்பதைப் பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நுனி விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். நம்மூரில் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேராவது கேட்பது "மூக்கு அகலமாக இருக்கிறது, குறைக்க வேண்டும்" என்பதுதான். தடித்த தோல், அடியில் மென்மையான குருத்தெலும்பு, விரிந்த மூக்குமடல் என்ற அமைப்புக்கு ஜெல் பதில் ஆகாது. தண்டை உயர்த்தினால் எதிரிலிருந்து பார்க்கும்போது வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக விழுந்து, அகலம் சற்றுக் குறைந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான். நுனியிலேயே ஜெல்லைத் திணித்தால் அது இன்னும் உருண்டையாகும். அதோடு, நுனியின் தோல் இறுக்கமானது. அங்கே வந்து சேரும் ரத்தக்குழாய்கள் சிறியவை. ஒன்று அடைத்தால் உதவிக்கு வர வேறு குழாய் அதிகம் கிடையாது. மூக்கடைப்பு, உள்ளே நடுச்சுவர் வளைவு, மூச்சு விடச் சிரமம் இவற்றையும் ஃபில்லர் தீர்க்காது. அதற்கு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பதுதான் வழி.

இடையில் ஒன்று. நுனி அகலம் என்று உங்களுக்குத் தோன்றியது கண்ணாடியிலா, செல்ஃபியிலா? முகத்திலிருந்து 12 அங்குலத்தில் பிடித்து எடுத்த செல்ஃபியில் மூக்கின் அடிப்பாகம் சுமார் 30 சதவீதம் கூடுதல் அகலமாகத் தெரியும் என்று 2018ல் அமெரிக்காவில் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்தடி தள்ளி நின்று எடுத்த படத்தில் அந்தக் கோளாறு இல்லை. போன் கேமராவின் குறையை முகத்தின் குறையாக நினைத்துக்கொண்டு வருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வேறொருவரை ஐந்தடி தள்ளி நிற்கவைத்து, கொஞ்சம் ஜூம் செய்து ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அதிலும் அகலம் தெரிந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

சரி, ஆபத்துக்கு வருவோம். கழுத்தில் ஏறும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கு ரத்தம் தருகிறது, உட்கிளை மூளைக்கும் கண்ணுக்கும் தருகிறது. இந்த இரண்டு வழிகளும் சந்தித்துக்கொள்ளும் இடங்களில் முக்கியமானது மூக்கு. கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியின் ஒரு கிளை, கண்ணின் உள்மூலை வழியாக வெளியே வந்து மூக்குத் தண்டின் மேல் இறங்குகிறது. ஊசி முனை தெரியாமல் அதற்குள் போய்விட்டால், கட்டைவிரலின் அழுத்தம் ரத்த அழுத்தத்தை மிஞ்சும்போது ஜெல் ஓட்டத்துக்கு எதிராக மேலேறிக் கண்குழிக்குள் போகும். விரலை எடுத்ததும் ரத்தம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னோக்கி வரும்; இந்த முறை அது போய்ச் சேரும் இடம் விழித்திரையின் தமனி. நோயாளிக்குத் திடீரென்று ஒரு கண் இருட்டிவிடும். இது நடக்கச் சில விநாடிகள் போதும்.

இதற்கு எவ்வளவு ஜெல் வேண்டும் தெரியுமா? புருவ நடுவிலிருந்து கண்குழியின் ஆழம்வரை போகும் இதேபோன்ற ஒரு தமனியின் கொள்ளளவை இறந்தவர்களின் உடலில் அளந்து 2017ல் வெளியிட்டார்கள். சராசரி 0.085 மி.லி. சிரிஞ்சில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே இடத்தில் 0.1 மி.லி.க்கு மேல் ஒரேயடியாகத் தள்ளாதே என்று பயிற்சியில் வலியுறுத்துவது இதனால்தான்.

விழித்திரை ரத்தம் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்று நாங்கள் படித்தோம். பிந்தைய ஆய்வாளர்கள் 12 முதல் 15 நிமிடம்தான் என்கிறார்கள். கிளினிக்கிலிருந்து கண் மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிப்பதற்குள் முடிந்துவிடும் நேரம் அது.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? அரிதுதான், அதை மறைக்கவில்லை. ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்டதாக உலக மருத்துவ இதழ்களில் வந்தவற்றை 2015ல் ஒரு குழு தொகுத்தபோது 98 பேர் இருந்தார்கள். அப்போது மிக அதிகம் புருவ நடுவில் போட்டவர்கள். மூக்கு இரண்டாவது இடம், நான்கில் ஒரு பங்கு. அதே குழு 2015 முதல் 2018 வரை புதிதாக வந்தவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தபோது 48 பேர். அதில் பாதிக்கு மேல், 56 சதவீதம், மூக்கு. மூக்குக்கு ஃபில்லர் போடும் வழக்கம் பரவப் பரவக் கணக்கும் மாறிவிட்டது. அந்த 48 பேரில் சிலருக்குப் பார்வை திரும்பியது, பெரும்பாலோருக்கு முழுதாகத் திரும்பவில்லை. சிலருக்குப் பக்கவாதமும் சேர்ந்து வந்தது. இதழில் எழுதாமல் விட்டவை எத்தனையோ என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குருடாகும் அளவுக்குப் போகாமல், தோலுக்குப் போகும் குழாய் அடைபடுவதும் உண்டு. 370 தோல் மருத்துவர்கள் முகத்தில் போட்ட சுமார் 17 லட்சம் சிரிஞ்சுகளைக் கணக்கெடுத்து 2021ல் வந்த ஆய்வில், ஊசியால் போட்டபோது 6,410 சிரிஞ்சுக்கு ஒன்றும், கேனுலா என்ற முனை மழுங்கிய மெல்லிய குழலால் போட்டபோது 40,882 சிரிஞ்சுக்கு ஒன்றும் அடைப்பு ஏற்பட்டதாகச் சொன்னார்கள். இது முகம் முழுவதற்குமான கணக்கு. அனுபவமுள்ள தோல் மருத்துவர்கள் தாங்களே சொன்னது. பார்லர் நாற்காலிக்கு இந்த எண்ணைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கவனமாகச் செய்பவர் எப்படிச் செய்வார் என்று சொல்கிறேன், நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில் நேராக உட்காரவைத்து, எதிரிலும் இரண்டு பக்கமும் படம் எடுப்பார். மூக்கின் நடுக்கோட்டைப் பேனாவால் வரைந்துகொள்வார். பெரிய குழாய்கள் பொதுவாகப் பக்கங்களில் ஓடுவதால் நடுக்கோடு ஓரளவு பாதுகாப்பு. இரண்டு மூன்று முறை கிருமிநாசினியால் துடைப்பார். ஒரு கையின் இரண்டு விரல்களால் தண்டின் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு, முனையை எலும்பில் தட்டும்வரை இறக்குவார். குழாய்கள் தோலுக்கும் தசைக்கும் இடைப்பட்ட அடுக்கில்தான் அதிகம் என்பதால், எலும்பையோ குருத்தெலும்பையோ ஒட்டிய ஆழமே வேண்டியது. அப்புறம் ஒரு துளி, மிக மெதுவாக. கண் சிரிஞ்சில் இருக்காது, தோலின் நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு துளிக்குப் பிறகும் நுனியையும் மடலையும் விரலால் அழுத்தி விட்டு, வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடியில் பழைய நிறத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். "கண் தெரிகிறதா, வலி இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சிலர் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் குழாய் எங்கே ஓடுகிறது என்று முன்னதாகவே பார்த்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம், நம்மூரிலும் பரவ வேண்டும். பிஸ்டனைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஆனால் ஜெல் கெட்டியாக இருப்பதால் குழாய்க்குள் இருந்தாலும் ரத்தம் வராமல் போகலாம். அதை மட்டும் நம்பக் கூடாது.

இவ்வளவும் செய்தாலும் ஆபத்து பூஜ்ஜியம் ஆகாது. நடுக்கோட்டிலேயே ஓடும் குழாய் சிலருக்கு உண்டு.

ஆகவே, போட்ட பிறகு என்ன நடந்தால் பயப்பட வேண்டும் என்பது உங்களுக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண வீக்கமும் லேசான கன்றலும் சில நாளில் அடங்கும். தோல் திட்டாக வெளுப்பது, பிறகு வலைபோல நீலமும் சிவப்பும் கலந்து படர்வது, நேரம் போகப் போக வலி கூடுவது ஆகியவை அடைப்பின் அடையாளம். ஜெல்லிலேயே மரத்துப்போகும் மருந்து கலந்திருப்பதால் முதலில் வலி தெரியாமலும் இருக்கும். கண்ணில் சுருக்கென்ற வலி, மங்கல், இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது, கடுந்தலைவலி, வாந்தி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

என்னிடம் ஒரு பெண் ஃபில்லர் போட்ட நான்காம் நாள் வந்தார். மூக்கு நுனியில் ஐந்தாறு வெண்ணிறச் சிறு கொப்புளங்கள், சுற்றிலும் கருஞ்சிவப்பு. போட்ட இடத்தில் கேட்டபோது பரு என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் படம் பார்த்தே. விரலால் அழுத்தினேன், வெளுத்த இடம் நிறம் திரும்ப ஆறேழு விநாடி ஆயிற்று. அது பரு இல்லை. ரத்தம் போகாத தோல் மூன்றாம் நான்காம் நாளில் அப்படித்தான் கொப்புளிக்கும். அக்கி என்று நினைத்து அக்கி மருந்து கொடுத்துவிடுவதும் உண்டு. கரைக்கும் மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டோம். பெரும்பகுதி பிழைத்தது. நுனியின் ஒரு ஓரத்தில் மிளகு அளவு குழி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இங்கேதான் "பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம்" என்ற பேச்சைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹையலுரோனிடேஸ் என்ற நொதி அந்த ஜெல்லைக் கரைக்கும், உண்மை. கண்புரை ஆபரேஷனில் மரத்துப்போகும் ஊசியோடு பல காலமாகக் கலந்து போடும் மருந்துதான், புதிதல்ல. வடிவம் பிடிக்கவில்லை, ஒரு பக்கம் தூக்கலாக இருக்கிறது என்றால் அதைக்கொண்டு சரிசெய்துவிடலாம். அடைப்பு என்றால் கதை வேறு. அப்போது நூற்றுக்கணக்கான யூனிட்டுகள், தேவைப்பட்டால் மணிக்கு ஒரு முறை, தோலின் நிறம் திரும்பும்வரை போட வேண்டும். அந்த மருந்து அதே அறையில் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது கரைப்பது ஜெல்லை மட்டும்தான். இறந்துபோன தோலும் விழித்திரையும் திரும்ப வராது. கண்ணுக்குப் பின்னால் அதை ஊசியாகப் போட்டுப் பார்வையை மீட்கலாம் என்ற முயற்சிகளுக்கும் உறுதியான பலன் இதுவரை நிரூபணமாகவில்லை. தேனீ கொட்டினால் கடும் ஒவ்வாமை வருபவர்களுக்கு இந்த நொதியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படி உங்களுக்கு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: ஹையலுரோனிடேஸ் கரைப்பது ஹையலுரோனிக் ஆசிட்டை மட்டும். கால்சியம் ஹைட்ராக்ஸிலபடைட் வகை ஃபில்லரை அது கரைக்காது. பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கின் நுண்மணிகள், திரவ சிலிகான் போன்ற நிரந்தரப் பொருட்களையும் கரைக்காது. "இது ஒரு முறை போட்டால் போதும், ஆயுளுக்கும் இருக்கும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மூக்கில் நிரந்தரப் பொருளை ஊசியால் ஏற்றும் ஆசை பழையது. வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர் 1899 வாக்கில் உருக்கிய பாரஃபினை (மெழுகு போன்ற பெட்ரோலியப் பொருள்) ஊசியால் ஏற்றும் முறையைத் தொடங்கி வைத்தார். மூக்குக்கும் அது பரவியது. பேரழகி என்று ஐரோப்பா கொண்டாடிய கிளாடிஸ் டீக்கன், பின்னாளில் மார்ல்பரோ கோமகள் ஆனவர், நெற்றியும் மூக்கும் கிரேக்கச் சிலைபோல ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வயதில் பாரஃபின் போட்டுக்கொண்டார். அது நாளடைவில் நகர்ந்து தாடைப் பக்கம் இறங்கி அவர் முகத்தையே குலைத்துவிட்டது. பாரஃபினைப் பின்னாளில் கைவிட்டார்கள். கரைக்க முடியாத பொருளை மூக்கில் ஏற்றக் கூடாது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

கரையும் ஜெல்லும் சொன்ன தேதியில் முழுதாகக் காணாமல் போவதில்லை. பொதுவாக 6 முதல் 18 மாதம் என்பார்கள். ஆனால் முகத்தில் போட்ட ஜெல் இரண்டு ஆண்டுக்கு மேலும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்திருக்கிறது. உள்ளே மிச்சம் இருக்கும்போதே ஆண்டுதோறும் மேலே மேலே போட்டுக்கொண்டு போனால் அது பக்கங்களில் பரவி, கண்களுக்கு நடுவே தண்டு தடித்துப்போகும். ஒல்லியாக வேண்டும் என்று ஆரம்பித்தவர் அகலத்தில் போய் நிற்பார்.

யாருக்குப் போடவே கூடாது? ஏற்கெனவே மூக்கில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆபத்து கூடுதல். தழும்புக்குள் குழாய்கள் இடம் மாறியிருக்கும், ஜெல்லும் சமமாகப் பரவாது. மூக்கில் சிலிகான் இம்ப்ளான்ட் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், முகத்தில் சீழ்ப்பரு இருப்பவர்கள் வேண்டாம். கல்யாணத்துக்காகப் புதிதாக மூக்கு குத்துவதாக இருந்தால் அந்தப் புண் முழுதாக ஆறும்வரை ஃபில்லர் பக்கமே போகாதீர்கள். உங்கள் தங்கை 17 வயதில் கேட்டாலும் இதே பதில்தான்: வேண்டாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஃபில்லர்களுக்கு அனுமதி தந்திருப்பது 22 வயது நிறைந்தவர்களுக்குத்தான். மூக்கை மாற்றியமைக்க என்று எந்த ஃபில்லருக்கும் அது அனுமதி தரவில்லை. உலகெங்கும் மூக்கில் போடுவதெல்லாம் மருத்துவர் தம் பொறுப்பில் செய்வது. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ் அழகுக்காக ஃபில்லர் போடுவது 2021 அக்டோபர் முதல் சட்டப்படி குற்றம். ஊசி இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் "ஹையலுரான் பேனா" ஆன்லைனில் கிடைக்கிறது; அதைத் தொடவே வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2021லேயே எச்சரித்திருக்கிறது.

அந்த கிளினிக்குக்கு மறுபடி போனால் இவற்றைக் கேளுங்கள். போடப்போவது யார், எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு தோல், பிளாஸ்டிக் சர்ஜரி, காது மூக்கு தொண்டை இவற்றில் எதில் படித்தவர்? எந்த ஃபில்லர்? பெட்டியை உங்கள் முன்னால் பிரித்து, பேட்ச் எண் ஸ்டிக்கரை உங்கள் சீட்டில் ஒட்டித் தருவார்களா? ஹையலுரோனிடேஸ் எத்தனை குப்பி கையிருப்பில் இருக்கிறது, காட்ட முடியுமா? கண்ணில் பிரச்சினை வந்தால் எந்தக் கண் மருத்துவமனைக்கு, யார் கூட வருவார்? ராத்திரி பதினொரு மணிக்கு வலித்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்? இவற்றுக்கு எரிச்சல் படாமல் பதில் சொல்லும் மருத்துவரிடம் மட்டும் மூக்கைக் கொடுங்கள். "ஆபத்தே கிடையாது" என்று சொன்னவர்கள் இந்தக் கேள்விகளுக்குத் தயாராக இருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

கடைசியாக உங்கள் ஆறு வாரம். மேட்டுக்கு மட்டும், மேலே சொன்னபடி தயாராக இருக்கும் ஒருவரிடம் போடுவதாக முடிவு செய்தால், முகூர்த்தத்துக்கு நான்கு வாரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கன்றலும் வீக்கமும் முழுதாக வடிய இரண்டு வாரம், சின்னத் திருத்தம் தேவைப்பட்டால் இன்னும் இரண்டு. அதற்குள் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். போட்ட பிறகு இரண்டு வாரம் கனமான மூக்குக்கண்ணாடி தண்டில் உட்காரக் கூடாது. மூக்கை அழுத்தும் ஃபேஷியல் கூடாது. பல் சுத்தம் செய்வதை அதற்கு முன்னோ பின்னோ இரண்டு வாரம் தள்ளிவையுங்கள்.

நுனிதான் உங்களுக்கு உண்மையான கவலை என்றால் இப்போது எதையும் போடாதீர்கள். கல்யாணம் முடிந்து ஆறேழு மாதம் கழித்து ரைனோபிளாஸ்டி, அதாவது மூக்கைச் சீரமைக்கும் அறுவைசிகிச்சை, பற்றிப் பேசலாம். அதற்கும் மயக்க மருந்து, வீக்கம், மறுபடி திருத்த வேண்டிய வாய்ப்பு எல்லாம் உண்டு. இறுதி வடிவம் தெரிய ஓர் ஆண்டு ஆகும். ஆனால் மேட்டைக் குறைக்கவும் நுனியைச் சீராக்கவும் அந்த ஆபரேஷனால் மட்டும்தான் முடியும், திரும்பத் திரும்பச் செலவும் இல்லை. இப்போது ஃபில்லர் போட்டுவிட்டு அப்புறம் ஆபரேஷனுக்கு வந்தால், முதலில் ஜெல்லைக் கரைத்து, சில வாரம் காத்திருந்துதான் நாங்கள் கத்தியை எடுக்க முடியும்.